தோத்தா அவங்க பாயை எதுக்கு உதறிப் பாக்கறீங்க?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தியா இருக்கறவங்க வீட்டுக்குப் போய்ப் படிங்க. வீட்லயும் ஆணின்னா நான் பொறுப்பில்ல :-)

2025 நவம்பர் 9, ஞாயித்துக்கிழமை. எங்க ரூம்ல நாலு பேர், ஒரு டிவி, ரெண்டு பெரிய பாக்கெட் மிக்சர். சீனாவுல செங்டு நகரத்துல லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் உலகக்கோப்பை இறுதி ஆட்டம். டி1 அணிக்கும் கேடி ரோல்ஸ்டர் அணிக்கும் மோதல். ரெண்டுமே கொரிய அணிங்க. இந்த ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரே வரியில: இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர், எதிராளி கோட்டையை முதல்ல இடிக்கிறவன் ஜெயிச்சான். அவ்ளோதான்.

டி1 3-2ன்னு ஜெயிச்சுது. தொடர்ச்சியா மூணாவது கோப்பை, மொத்தத்துல ஆறாவது. இறுதி ஆட்டத்தோட சிறந்த வீரர் விருது குமாயூசிக்கு. எங்க ரூம்மேட் ஒருத்தர் சோஃபா மேல ஏறிக் குதிச்சார். (பேர் வேணாம், வாடகைப் பணம் அவர் கையிலதான் இருக்கு.) "நான் அப்பவே சொன்னேன்ல!"ன்னு கத்தினார்.

என்ன சொன்னார்னு எனக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு. அதே வருஷ ஆரம்பத்துல குமாயூசியை உட்கார வெச்சுட்டு, கீழ் அணியில இருந்த ஸ்மாஷ்ங்கற பையனை ஆட வெச்சாங்க. அப்ப நம்ம ரூம்மேட் சொன்னது: "பயலுக்குத் திமிர் ஏறிடுச்சு. காசு, ஃபேனு, ஸ்ட்ரீமிங்குன்னு ஆயிட்டான். ஒரு வீட்டுல போட்டு வெளியில பூட்டணும். போனைப் புடுங்கணும். அப்பதான் உருப்படுவானுங்க."

இவர் ஒருத்தர் சொன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா உலகத்துல எந்த அணி எந்தப் போட்டியில தோத்தாலும் ரசிகர் கூட்டத்துல முதல்ல கேக்கற குரல் இதுதான். "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான்? எவளோட சுத்தினான்? எதுக்கு லீவுல ஊருக்குப் போனான்? இவனுங்களுக்குத் தனி வீடு ஒரு கேடா?"

அந்தக் குரல் மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. இன்னிக்கு இறக்கி வெச்சுடறேன்.

அது என்ன வீடு?

இ-ஸ்போர்ட்ஸ்ல "கேமிங் ஹவுஸ்"னு ஒன்னு உண்டு. அணியில இருக்கற எல்லாரும் ஒரே வீட்டுல தங்கி, ஒரே ஹால்ல வரிசையா கம்ப்யூட்டர் போட்டு ஆடி, அங்கயே சாப்பிட்டு, அங்கயே தூங்கற ஏற்பாடு. நம்ம ஊர் இன்ஜினியரிங் ஹாஸ்டலும் கால் சென்டர் ஷிஃப்ட்டும் சேர்ந்து பெத்த புள்ளைன்னு வெச்சுக்கங்க.

இதோட பூர்வீகம் கொரியா. 1997-98 பொருளாதார நெருக்கடிக்கு அப்புறம் அங்க தெருவுக்குத் தெரு பிசி பாங்னு ப்ரௌசிங் சென்டர் மாதிரி கடைங்க முளைச்சுது. அதுல ஸ்டார்கிராஃப்ட் பைத்தியம் புடிச்சுது. 2000ல கெஸ்பான்னு ஒரு சங்கமே வந்தாச்சு. அப்புறம் டிவி சேனல், லீக், ஸ்பான்சர்னு வரிசையா வந்துது. 2004ல எஸ்கே டெலிகாம் பாக்ஸரோட அணியை எடுத்துக்கிட்டு டி1னு பேர் வெச்சது அந்தக் காலத்துக் கதைதான். புதுசா ஒரு யுக்தி கண்டுபிடிச்சா வெளியாளோட ஆடிப் பழக முடியாது, ரகசியம் போயிடும். அதனால வீட்டுக்குள்ளயே பழக ஆள் வேணும். அதுக்குன்னே பயிற்சிப் பசங்களைச் சேர்த்து, சியோல்ல ஒரு அபார்ட்மென்ட் புடிச்சு, அடுக்குக் கட்டில் போட்டாங்க.

அப்புறம் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் வந்துது. 2013ல அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ்ல வாராவாரம் நேர்ல வந்து ஆடற லீக் ஆரம்பிச்சப்ப, பல ஊர்ப் பசங்க மூட்டையைக் கட்டிட்டு அங்க வந்து எறங்கினாங்க. பத்தொன்பது வயசுப் பையனுக்கு அந்த ஊர்ல யார் வீடு குடுப்பா? அணியே வீடு எடுத்துக் குடுத்துது. ஐரோப்பாவுலயும் இதே கதை, சீனாவுலயும் இதே கதை.

ஆக, இந்த வீடு வந்ததுக்குப் பின்னாடி எந்த வாழ்க்கைத் தத்துவமும் இல்ல. ரகசியம், வாடகை, நெட் வேகம், ஸ்பான்சர் பேனர் மாட்ட ஒரு சுவர். அவ்ளோதான். இதை நாமதான் "தவம்", "குருகுலம்"னு ஆக்கிட்டோம்.

கொரிய வீடுகள்ல ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் தெரியுமா? காலையில லேட்டா எழுந்திருப்பாங்க. மத்தியானம் ஒரு மணி வாக்குல வேற அணியோட முதல் பயிற்சி ஆட்டம். சாயந்திரம் சாப்பாடு. மறுபடி ராத்திரி பத்து வரைக்கும் பயிற்சி ஆட்டம். அதுக்கப்புறம் "தனியா ஆடறது", நடுராத்திரி ரெண்டு மூணு மணி வரைக்கும். அந்தத் தனி ஆட்டம் பேருக்குத்தான் விருப்பம். பக்கத்துல நாலு பேர் ஆடிட்டு இருக்கறப்ப எந்தப் பையன் எழுந்து போய்ப் படுப்பான்? கோச் பக்கத்து ரூம்ல.

நானும் ஒரு வீட்டுல இருந்தேன்

இந்த எடத்துல ஒரு சொந்தக் கதை. பொட்டி தட்டற எல்லாருக்கும் இதுல ஒன்னாவது நடந்திருக்கும்.

சில வருஷம் முன்னாடி ஒரு ப்ராஜெக்ட் கோ-லைவ். கம்பெனி பேர் வேணாம். வேற ஊர்ல மூணு பெட்ரூம் ஃபிளாட் ஒன்னு எடுத்து எங்க ஏழு பேரைத் தங்க வெச்சாங்க. "ஃப்ரீ ஸ்டே, ஃப்ரீ ஃபுட்." நானும் ஊருக்கு போன் போட்டு பெருமையாச் சொன்னேன். மேனேஜரும் அதே ஃபிளாட்டுல ஹால்ல படுத்துக்கிட்டார்.

முதல் வாரம் ஜாலி. ரெண்டாவது வாரத்துல புரிஞ்சுது, இந்த வீட்டுல "ஆபீஸ் முடிஞ்சுது"ங்கற ஒரு வாக்கியத்துக்கே எடம் இல்லன்னு. ராத்திரி பதினொன்னரைக்கு பாத்ரூம் போக எழுந்தா, "முழிச்சுட்டுதானே இருக்கே, அந்த டிக்கெட்டைக் கொஞ்சம் பாரேன்"ம்பார். உடம்பு சரியில்லன்னு சொல்ல முடியாது, உடம்பு அவர் கண்ணு முன்னாடியே கெடக்கு. அம்மாவோட பேசணும்னா மொட்டை மாடி தண்ணித் தொட்டி பக்கம் போவேன்.

ரெண்டாவது மாசம் ஒரு நாள் ராத்திரி ரெண்டே முக்காலுக்கு ஒரு டேபிள்ல அப்டேட் ஓட்டினேன். "வேர்" கண்டிஷன் போட மறந்துட்டேன். நாலாயிரத்துச் சொச்சம் வரி காலி. பேக்கப் இருந்ததால தப்பிச்சோம்.

இதுக்கு மேனேஜர் கண்டுபிடிச்ச மருந்து என்ன தெரியுமா? "கவனம் சிதறுது. இனிமே கோ-லைவ் வரைக்கும் வார லீவுல யாரும் ஊருக்குப் போகக் கூடாது."

தூக்கமில்லாததால வந்த தப்புக்கு, இன்னும் தூங்காம இருன்னு வைத்தியம். எங்க ரூம்மேட் குமாயூசிக்கு எழுதின சீட்டும் இதே மருந்துதான். அன்னிக்கு அந்த மேனேஜரை மனசுக்குள்ள திட்டின நான், அதே வருஷம் டி1 உலகக்கோப்பையை விட்டப்ப "ஒழுங்கா ப்ராக்டீஸ் பண்ணாம என்னத்த கிழிச்சானுங்க"ன்னு கூலா சொல்லிட்டு பஜ்ஜி தின்னேன். அந்த அசிங்கத்தையும் ஒத்துக்கறேன். என்னையும் சேர்த்துத்தான் இந்தப் பதிவுல திட்டறேன்.

பூட்டி வெச்சா ஜெயிக்கலாமாமே?

சரி, உணர்ச்சிவசப்படாம கணக்குப் பாப்போம்.

2018. ஓவர்வாட்ச் லீகோட முதல் சீசன். ஷாங்காய் டிராகன்ஸ்னு ஒரு அணி. அவங்க பயிற்சி நேரம் நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள்னு அப்பவே செய்தி வந்துது. வாரத்துக்கு 72 மணி நேரம்! நம்ம ரூம்மேட் கேட்ட பூட்டு, சாவி, ஒழுக்கம் எல்லாமே இருந்துது. அந்த சீசன்ல அவங்க ஆடின ஆட்டம் 40. ஜெயிச்சது?

பூஜ்யம்.

40 ஆட்டம், 40 தோல்வி. 72 மணி நேரம்தான் தோல்விக்கே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். வேற சிக்கலும் இருந்திருக்கும். ஆனா "நேரத்தைக் கூட்டினா வெற்றி வரும்"ங்கற வாதத்தை இதுக்கு மேல யாரும் அடிச்சு நொறுக்க முடியாது.

இப்ப மறுபக்கம். டென்மார்க் அணி அஸ்ட்ராலிஸ். கவுன்டர் ஸ்ட்ரைக்ல 2017ல ஒன்னு, 2018ல ஒன்னு, 2019ல ரெண்டுன்னு நாலு மேஜர் பட்டம் வாங்கினவங்க. மியா ஸ்டெல்பெர்க்ங்கற ஃபின்லாந்து உளவியல் நிபுணரை வெச்சு, அழுத்தத்தை எப்படித் தாங்கறதுன்னு கத்துக்கிட்ட அணி. 2020ல அதே அணியில ரெண்டு பேர் மன அழுத்தம்னு சொல்லி லீவுல போனாங்க. அணி "போய்ட்டு வாங்க"ன்னு அனுப்பிச்சுது.

டோட்டா 2ல ஓஜி அணி. 2018ல போட்டிக்குக் கொஞ்ச மாசம் முன்னாடி ரெண்டு பேர் கழண்டுக்கிட்டாங்க. கோச்சையே ஆட எறக்கி, தகுதிச் சுற்றோட அடிமட்டத்துலேர்ந்து ஏறி வந்து "தி இன்டர்நேஷனல்" கோப்பையை ஜெயிச்சாங்க. 2019ல மறுபடியும் அதே அஞ்சு பேர் ஜெயிச்சாங்க. ஒருத்தர் டென்மார்க், ரெண்டு பேர் ஃபின்லாந்து, ஒருத்தர் ஃபிரான்ஸ், ஒருத்தர் ஆஸ்திரேலியா. போட்டி நெருங்கறப்ப ஒன்னா கூடி, முடிஞ்சா அவங்கவங்க ஊருக்குக் கெளம்பற வழக்கம் ஐரோப்பிய டோட்டா அணிகள்ல ரொம்ப சாதாரணம்.

உடனே ஒருத்தர் கை தூக்குவார்: "கொரியா வீட்டுல வெச்சுத்தானே ஜெயிச்சுது? 2013, 15, 16, 23, 24, 25ன்னு டி1 ஆறு கோப்பை வாங்கலையா? ஆறுலயும் ஃபேக்கர் ஆடலையா?"

ஆடினார். ஆனா பாஸ், நாம இன்ஜினியருங்க. டெஸ்டிங்ல என்ன செய்வோம்? அந்தக் காலத்துல கொரியாவுலயும் சீனாவுலயும் கிட்டத்தட்ட எல்லா அணியும் அதே மாதிரி வீட்டுலதான் இருந்துது. அதே அடுக்குக் கட்டில், அதே நடுராத்திரி. ஒரு அணி கோப்பை வாங்குது, மத்ததெல்லாம் வெறுங்கையோட வீட்டுக்குப் போகுது. 2017ல இதே ஃபேக்கர் பெய்ஜிங் பறவைக்கூடு ஸ்டேடியத்துல சாம்சங்கிட்ட 0-3ன்னு தோத்துட்டு மேஜையிலயே கவுந்து அழுதார். அடுத்த வருஷம் அவங்க அணி உலகக்கோப்பைக்கே தகுதி பெறலை. ஒரே கோட், வேற வேற அவுட்புட்னா வித்தியாசம் அந்தக் கோட்டுல இல்லன்னு அர்த்தம். வீடு எல்லாருக்கும் பொது. வெற்றிக்குக் காரணம் வேற எங்கயோ இருக்கு.

அந்த வீட்டுக்கான பில் மட்டும் கரெக்டா வந்துடுது. சீனாவுல ஊஸின்னு ஒரு வீரர். 2018ல ஆர்என்ஜி அணிக்காக எல்லாத்தையும் ஜெயிச்சுட்டு, உலகக்கோப்பை காலிறுதியில ஐரோப்பாவோட ஜி2கிட்ட 2-3ன்னு தோத்தார். நாடே கொதிச்சுது. ரெண்டே வாரத்துல வேற ஒரு சீன அணி, இன்விக்டஸ் கேமிங், கோப்பையைத் தூக்கிச்சு. நாடு முழுக்கக் காலேஜ் ஹாஸ்டல் ஜன்னல்லேர்ந்து பசங்க கத்தின சத்தம் செய்தியா வந்துது. ஊஸியை யாருக்கு ஞாபகம் இருக்கும்? 2020 ஜூன்ல அவர் ஓய்வு அறிவிச்சார். வயசு 23. காரணம் டைப் 2 சர்க்கரை வியாதி. வருஷக்கணக்கான மன அழுத்தம், உடல் பருமன், நேரங்கெட்ட சாப்பாடு, ராத்திரி முழிப்பு, இதெல்லாம் சேர்ந்து வந்ததுன்னு அவரே சொன்னார். பின்னால திரும்ப ஆட வந்தார், அது வேற கதை.

23 வயசு மக்களே. எங்க பெரியப்பாவுக்கு சுகர் வந்தப்ப அவருக்கு 52.

"எங்க காசுடா!"

ரசிகர்கள் கையில இருக்கற பெரிய அஸ்திரம் இது. இதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு, மறுக்கலை.

தி இன்டர்நேஷனல் போட்டியில பல வருஷம், ரசிகர்கள் வாங்கற பேட்டில் பாஸ் விற்பனையில 25 சதவீதம் பரிசுத் தொகைக்குப் போச்சு. அதுலதான் 2019ல 3.4 கோடி டாலர், 2021ல 4 கோடி டாலர்னு எகிறிச்சு. அந்த ஏற்பாடு சுருங்கினதும் 2023ல பரிசு 30 லட்சம் டாலர் சொச்சத்துக்கு விழுந்துது. ஆக ரசிகன் காசு இல்லாம இந்தத் திருவிழா இல்லங்கறது சரிதான்.

ஆனா காசு குடுத்து நீங்க வாங்கினது என்ன? ஆட்டம். அஞ்சு பேரோட ராத்திரிகளை இல்ல. ஹோட்டல்ல நெய் ரோஸ்ட்டுக்குக் காசு குடுத்தா ரோஸ்ட் வெந்திருக்கான்னு கேக்கலாம். மாஸ்டர் நேத்து ராத்திரி எங்க படுத்தார்னு கேக்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேக்கற தைரியம் நமக்கு எங்கேர்ந்து வந்துது? அந்த வீட்டுலேர்ந்துதான். அணிகளே கேமராவை உள்ளே விட்டாங்க. யார் பாத்திரம் கழுவறான், யார் லேட்டா எழுந்திருக்கான், யார் யாரோட பேசறதில்ல, எல்லாத்தையும் வீடியோ ஆக்கி வித்தாங்க. நாமளும் சிரிச்சுட்டே பாத்தோம். ஜெயிக்கற வரைக்கும் அது "ஜாலியான பசங்க". தோத்த அடுத்த நிமிஷம் அதே வீடியோ சாட்சிப் பத்திரம். "பாரு, அன்னிக்கே தூங்கிட்டு இருந்தான்!" வேலை செய்யற எடமும் தூங்கற எடமும் ஒன்னா இருந்தா, மார்க் போடறவன் தூக்கத்துக்கும் மார்க் போடுவான். என் மேனேஜர் செஞ்சதும் அதைத்தான்.

கொரியாவுல ரசிகர்கள் காசு சேர்த்து, எல்.இ.டி. பலகை வெச்ச லாரியை வாடகைக்கு எடுத்து, அணி ஆபீஸ் வாசல்ல கொண்டு போய் நிறுத்துவாங்க. டி1 வாசல்லயும் நின்னிருக்கு. நிர்வாகத்தைக் கேள்வி கேக்கறவரைக்கும் சரி. ஒரு இருபது வயசுப் பையன் பேரைப் போட்டு "இவனைத் தூக்கு"ன்னு ஓட விட்டா, அந்த லாரி அவன் படுக்கைக்கு நேரா லைட் அடிக்குதுன்னு அர்த்தம்.

வீடு யாரை உள்ளே விடும்?

இதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல. அதனால கொஞ்சம் அழுத்திச் சொல்றேன்.

கெகுரின்னு ஒரு கொரியப் பொண்ணு. 2016ல ஓவர்வாட்ச்ல அவங்க குறி தப்பாம சுட்டதைப் பாத்துட்டு "திருட்டு சாஃப்ட்வேர்"னு பழி போட்டாங்க. அது நிஜமா இருந்தா நாங்க ஆட்டத்தையே விட்டுடறோம்னு சில வீரர்கள் சவால் விட்டாங்க. அந்தப் பொண்ணு ஒரு ஸ்டுடியோவுல, எல்லார் கண்ணு முன்னாடியும், கையையும் மவுஸையும் கேமராவுல காட்டிக்கிட்டே ஆடி நிரூபிச்சுது. சவால் விட்டவங்கள்ல ரெண்டு பேர் நிஜமாவே விலகினாங்க. பதினேழு வயசுப் பொண்ணு.

2018ல ஓவர்வாட்ச் லீக் ஆரம்பிச்சப்ப ஒரு அணியிலகூடப் பெண் கிடையாது. கெகுரியை ஏன் எடுக்கலைன்னு கேட்டப்ப பேச்சுல அடிபட்ட காரணங்கள்ல ஒன்னு, ஆணும் பொண்ணும் ஒரே வீட்டுல தங்கற சிக்கல். அதாவது ஆட வருமா வராதாங்கறது பிரச்சினை இல்ல. பாத்ரூம்தான் பிரச்சினை. கடைசியில அதே வருஷம் பிப்ரவரியில எடுத்தது யாருன்னு நெனைக்கறீங்க? அந்த 0-40 ஷாங்காய் டிராகன்ஸ்தான். அந்த லீக்கோட முதல் பெண் வீரர்.

ஒரு கட்டடத்தோட அமைப்பு ஒரு வேலைக்கு யார் தகுதின்னு முடிவு பண்ணுதுன்னா, மாத்த வேண்டியது கட்டடத்தை. வேலைக்கு எடுத்துட்டு, "எங்க வேணா தங்கிக்கோ, பத்து மணிக்கு ஆபீஸ் வந்துடு"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லா வீடும் மோசமா?

இல்ல. நியாயமாச் சொல்லணும்.

பாஷை தெரியாத ஊருக்கு வந்து எறங்கற பையனுக்கு அந்த வீடு ஒரு பிடிமானம். சமைச்சுப் போட ஆள் இருக்கு, பேச நாலு பேர் இருக்கான். போட்டிக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் ஒன்னா தங்கிப் பழகறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. கிரிக்கெட்ல கேம்ப் போடறது இல்லையா? கேம்ப்புக்கு முடியற தேதி உண்டு. என் சண்டை அந்தத் தேதி இல்லாத வீட்டோடதான்.

நெலைமை மாறாமலும் இல்ல. 2018ல டீம் லிக்விட் அமெரிக்காவுல தனியா ஒரு பயிற்சிக் கூடம் தொறந்துது. பகல்ல அங்க வேலை, ராத்திரி அவங்கவங்க வீடு. ஓவர்வாட்ச் லீக்ல குறைஞ்சபட்ச சம்பளம் வருஷத்துக்கு 50,000 டாலர், மருத்துவக் காப்பீடு, தங்க எடம் எல்லாத்தையும் விதியிலயே எழுதினாங்க. 2016ல ரெனகேட்ஸ் அணியை ரயட் கேம்ஸ் தன்னோட லீக்கை விட்டே அனுப்பினப்ப, வீரர்களோட நலனும் பாதுகாப்பும் காரணப் பட்டியல்ல இருந்துது. (அணி உரிமையாளர்கள் அதை மறுத்தாங்க, அதையும் சொல்லிடறேன்.)

ரசிகன் நெனைச்சா நல்லதும் நடக்கும். 2019 உலகக்கோப்பை சமயத்துல, கொரியாவோட கிரிஃபின் அணியில கனவிங்கற மைனர் பையனை மிரட்டி சீன அணியோட நீண்ட ஒப்பந்தத்துல தள்ளப் பாத்தாங்கன்னு அவங்க பழைய கோச் வெளியில சொன்னார். ரசிகர்கள் ஜனாதிபதி மாளிகைக்கு மனு போட்டாங்க. ரெண்டு லட்சம் கையெழுத்தைத் தாண்டிச்சு. விவகாரம் நாடாளுமன்றம் வரைக்கும் போய், 2020ல வீரர்களுக்கான மாதிரி ஒப்பந்தத்துக்கு வழி செய்யற மாதிரி சட்டத்தையே திருத்தினாங்க.

அதே ரசிகர்கள், அதே கோபம். ஒரு தடவை அது பையனோட படுக்கையை உதறிச்சு, இன்னொரு தடவை அவன் ஒப்பந்தத்தை உதறிச்சு. எது உருப்படின்னு நான் சொல்லணுமா?

இப்ப ஏன் இந்தப் பதிவு?

போன மாசம் திண்டுக்கல்லேர்ந்து சித்தி போன் பண்ணினாங்க. அவங்க பையன் பன்னெண்டாவது முடிச்சுட்டான். பிஜிஎம்ஐ நல்லா ஆடுவான். நெஜமாவே நல்லா ஆடுவான், என்னை நாப்பது செகண்ட்ல காலி பண்ணிடுவான். வடக்க ஒரு ஊர்லேர்ந்து ஒரு அணி கூப்பிட்டிருக்காங்களாம்.

"தம்பி, தங்க எடம், சாப்பாடு, நெட்டு எல்லாம் அவுங்களே பாத்துக்கிருவாங்களாம்ப்பா. ஒரே வீட்டுல எல்லாப் பயலுகளும் இருப்பாங்களாம். பெரியவங்க ஒருத்தர் கூடவே இருந்து பாத்துக்கிருவாராம். நல்லதுதானப்பா?"

அவங்க குரல்ல இருந்த நிம்மதி என்னைக் குத்துச்சு. "ஃப்ரீ ஸ்டே, ஃப்ரீ ஃபுட்"னு நான் ஊருக்கு போன் போட்ட அன்னிக்கு எங்கம்மா குரல்லயும் அதேதான் இருந்திருக்கும்.

போகாதேன்னு சொல்லலை. சொல்ல எனக்கு என்ன உரிமை? தம்பியை லைன்ல வரச் சொல்லி ஒரு பேப்பர் எடுத்துக்கச் சொன்னேன். "அண்ணே, நீங்களும் வேணாம்னுதான சொல்லப் போறீங்க?"ன்னான். இல்லடா, இந்த அஞ்சு கேள்வியையும் அவங்ககிட்ட கேட்டுட்டுப் போன்னேன்.

1. ஒப்பந்தம் எழுத்துல இருக்கா? சம்பளம் உன் பேர்ல இருக்கற அக்கவுன்டுக்கு வருமா?

2. அணியிலேர்ந்து எடுத்துட்டா அன்னிக்கு ராத்திரி எங்க படுப்பே? வீட்டைக் காலி பண்ண எத்தனை நாள் தருவாங்க?

3. "இன்னிக்கு முடிஞ்சுது"ன்னு சொல்ற நேரம் எது? அதுக்கப்புறம் ஆடலைன்னா யாராவது கணக்கு வெப்பாங்களா?

4. வீட்டுக்குள்ள கேமரா இருக்கா? எந்த ரூம்ல இருக்கு, எந்த ரூம்ல கிடையாது?

5. உடம்பு சரியில்லன்னா யார்கிட்ட சொல்லணும்? உன்னை ஆட வெக்கறவரும் அவரும் ஒரே ஆளா?

ரெண்டாவது கேள்விக்குக் காரணம் இருக்கு. 2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைலைத் தடை பண்ணினாங்க. 2021 ஜூலையில பிஜிஎம்ஐன்னு வந்துது. 2022 ஜூலையில அதுவும் ஒரே ராத்திரியில ஸ்டோர்லேர்ந்து காணாமப் போச்சு. 2023 மே மாசம்தான் திரும்ப வந்துது. நடுவுல பத்து மாசம். ஆட்டமும் வேலையும் வீடும் ஒரே கயித்துல தொங்கினா, கயிறு அறுந்த அன்னிக்கு மூணும் ஒன்னா விழும்.

தம்பி கேட்டிருக்கான். நாலுக்குப் பதில் வந்துதாம். மூணாவது கேள்விக்கு மட்டும், "அதெல்லாம் வந்தா பழகிடும்"னு சொன்னாங்களாம். இன்னும் முடிவெடுக்கலை. பேசிட்டு இருக்கோம்.

அவன் போனா ஒரு நாள் ஏதாவது பெரிய போட்டியில ஆடுவான். ஒரு நாள் தோப்பான், ஏன்னா எல்லாரும் ஒரு நாள் தோப்பாங்க. அன்னிக்கு எங்கயோ ஒரு ரூம்ல, நாலு பேர், ஒரு டிவி, ரெண்டு பாக்கெட் மிக்சரோட உக்காந்திருப்பாங்க. அதுல ஒருத்தன் "இவனையெல்லாம் ரூம்ல போட்டுப் பூட்டணும்டா"ம்பான்.

அந்த ரூம்ல நீங்க இருந்தா, தயவு பண்ணி அந்த மிக்சர் பாக்கெட்டை அவன் கையிலேர்ந்து புடுங்கிடுங்க. நான் எங்க ரூம்ல ஆரம்பிச்சுட்டேன். ரூம்மேட் ரெண்டு நாளா என்னோட பேசறதில்ல. வாடகை ஏறாம இருந்தா சரி :-)

(எதிர்க்கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல தாராளமாக் கும்மலாம். ஆனா "கஷ்டப்பட்டாத்தான் முன்னுக்கு வர முடியும்"னு ஆரம்பிக்கறவங்க, நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்கன்னு முதல் வரியில எழுதிடுங்க.)